பால் காசும் பம்பர் டிக்கெட்டும்: லாட்டரி எடுப்பதில் என்ன தப்பு?

12-09-2024, இரவு 9.10. கேரள எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

கேரள லாட்டரியின் ஓணம் பம்பர் டிக்கெட் 500 ரூபாய், முதல் பரிசு 25 கோடி. ஆபீஸில் நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கு நூறு போட்டு ஒன்று எடுத்தோம். வீட்டில் அப்பா ஏதோ பெரிய பாவம் செய்துவிட்ட மாதிரி பேசுகிறார். குடிக்கவில்லை, கடன் வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. கேரள அரசாங்கமே அச்சடித்து விற்கிறது. நூறு ரூபாயில் ஒரு மாதம் சந்தோஷமாகக் கனவு காண்கிறோம், சினிமாவுக்குப் போனால்கூட இதைவிட அதிகம் ஆகும். இதில் என்ன தப்பு என்று யாராவது விளக்கிச் சொல்லுங்கள்.

12-09-2024, இரவு 11.25

தம்பி, நான் உங்கள் அப்பா பக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் 19 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். பத்து நாளைக்கு ஒரு தடவை பால் காசு பட்டுவாடா. பெரிய தொகை பேங்க்குக்குப் போய்விடும், ஒரு மாடு இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் இன்னும் கையில்தான் கேட்டு வாங்குகிறார்கள். அன்றைக்குக் காலையிலேயே லாட்டரிக்காரர் சொசைட்டி வாசலில் வந்து நின்றுவிடுவார். நான் கொடுத்த நோட்டை எண்ணி முடிப்பதற்குள் அட்டையில் வரிசையாகக் குத்திவைத்த டிக்கெட்டுகள் அவர்கள் கண்ணில் பட்டுவிடும். புண்ணாக்குக் கடைப் பாக்கி இருக்கும், பையனுக்கு நோட்டு வாங்க வேண்டியிருக்கும். முதலில் போவது டிக்கெட்டுக்கு. தினசரி டிக்கெட் 40 ரூபாய், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர் பாலின் விலை. விடிவதற்கு முன்னால் எழுந்து, சாணி அள்ளி, தீவனம் வைத்து, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு அரை மைல் நடந்து வந்து ஊற்றிய ஒரு லிட்டர். அது மூன்று மணிக்குக் குலுக்கல் முடிந்ததும் வெறும் காகிதமாகிவிடுகிறது.

என்ன தப்பு என்று கேட்டீர்களே, பத்து நாளைக்கு ஒரு தடவை நான் பார்ப்பது இதைத்தான்.

13-09-2024, காலை 6.50

நேற்று ராத்திரி கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். உங்கள் நூறு ரூபாயையும் எங்கள் சொசைட்டி ஆட்களின் நாற்பது ரூபாயையும் ஒன்றாக வைத்துப் பேசியது சரியில்லை. உங்களுக்குச் சம்பளம் வருகிறது, நூறு போனால் போனதுதான். ஆனால் சினிமாவோடு ஒப்பிட்டதை ஒத்துக்கொள்ள மாட்டேன். சினிமாவுக்குப் போனவர் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார், கொடுத்த காசுக்கு உண்டானது கிடைத்துவிட்டது. நன்றாக இல்லையென்றால் திட்டிவிட்டு அடுத்த தடவை போகமாட்டார். லாட்டரியில் கிடைக்காதவர்தான் அடுத்த டிக்கெட்டை எடுக்கிறார். கிடைக்காமல் போவதே அடுத்ததை எடுக்கவைக்கிறது. இப்படி வேறு எந்தச் சரக்கு விற்கிறது?

இன்னொன்று. இந்த 25 கோடி எங்கிருந்து வருகிறது? எந்த வயலிலும் விளையவில்லை, எந்த மில்லிலும் நெய்யவில்லை. ஏறக்குறைய எழுபது லட்சம் பேர் கொடுத்து இழந்த காசைக் கூட்டி, எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தில் ஒரு பகுதியை ஒருவர் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு விழ வேண்டும் என்று சாமி கும்பிடுவது மற்ற அத்தனை பேருக்கும் விழக்கூடாது என்று கும்பிடுவதும்தான். அந்த வரிசையில் என் பக்கத்து வீட்டுக்காரரும் நிற்கிறார். என் மனசை உறுத்துவது முக்கியமாக இதுதான், கணக்கெல்லாம் அப்புறம்.

13-09-2024, பகல் 1.15

"அப்போ ஷேர் மார்க்கெட்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு அதில் அனுபவம் இல்லை. எங்கள் சொசைட்டி வாசலில் யாரும் அட்டையில் குத்தி ஷேர் விற்கவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன்.

14-09-2024, இரவு 10.05

"அரசாங்கமே விற்கிறது" என்பதைப் பற்றி. இன்றைக்குச் சொசைட்டி ஆபீஸ் லீவு, உட்கார்ந்து எழுத முடிகிறது.

கேரளத்தில் இது 1967-இல் தொடங்கியது. இ.எம்.எஸ். மந்திரிசபை, நிதி மந்திரி பி.கே. குஞ்ஞு. டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. முதல் நறுக்கெடுப்பு, அதாவது குலுக்கல், 1968 ஜனவரி 26-ஆம் தேதி. நல்ல எண்ணத்தில்தான் தொடங்கினார்கள், அதை நான் மறுக்கவில்லை. வரியைக் கூட்டாமல் வருமானம் வேண்டும், கை கால் முடியாதவர்களுக்கு ஒரு தொழிலும் ஆகும் என்று நினைத்தார்கள். தமிழ்நாட்டிலும் 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது பரிசுச்சீட்டு வந்தது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகத்தை எங்கள் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள், தோற்றவருக்கும் தேசத்துக்குக் கொடுத்த திருப்தி. ஆனால் நாட்டுக்குக் கொடுக்கும் முறையா அது? மனசறிந்து கொடுத்தால் தானம், சட்டப்படி கட்டினால் வரி. தனக்கு விழும் என்று நம்பிப் போட்டதை இரண்டு கணக்கிலும் சேர்க்க முடியாது.

தொண்ணூறுகளில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட் எப்படி இருந்தது என்று இப்போது இருபது வயதாகிறவர்களுக்குத் தெரியாது. மைக் வைத்த லாட்டரிக் கடைகள், எல்லா மாநில டிக்கெட்டும், அந்த இடத்திலேயே சுரண்டிப் பார்க்கும் சுரண்டல் லாட்டரி, ரிசல்ட் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஆட்கள். கூலி வாங்கி பஸ் ஏற வருகிறவர் பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லாவற்றையும் தடை செய்தது. தன் சொந்த லாட்டரியையும் சேர்த்துத்தான் மூட வேண்டியிருந்தது, ஏனென்றால் தான் நடத்திக்கொண்டே அடுத்த மாநிலத்து டிக்கெட்டை மட்டும் தடுக்க ஒரு மாநிலத்துக்கு உரிமை இல்லை. 1999-இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது அது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள்: லாட்டரி சூதாட்டம்தான், அரசு நடத்துவதால் அதன் குணம் மாறிவிடாது.

தடை வந்தபோது அந்தக் கடைகளை நம்பியிருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள், அதுவும் உண்மை. அப்புறம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று செக்போஸ்ட் தாண்டிய இடமெல்லாம் கடைகள் முளைத்தன. பேருக்குத்தான் அவை கேரளக் கடைகள், போர்டு பாதி தமிழில் இருக்கும். போன வருஷம் ஓணம் பம்பர் 25 கோடி விழுந்ததே வாளையாரில் வாங்கிய டிக்கெட்டுக்கு, தமிழ்நாட்டிலிருந்து வந்த நான்கு பேருக்கு. அதற்கப்புறம் எங்கள் பக்கம் கூட்டம் சொல்லி மாளாது.

15-09-2024, காலை 8.30

ஓணம் நல்வாழ்த்துகள் எல்லோருக்கும். இன்றைக்கு லாட்டரியைப் பற்றி எழுதப்போவதில்லை. காலையில் பக்கத்து வீட்டுச் சேச்சி பாயசம் கொடுத்தனுப்பினார், அடைப்பிரதமன். குடித்துவிட்டுப் பால் ஊற்றப் போகிறேன். மாட்டுக்கு ஏது ஓணம்.

17-09-2024, இரவு 9.50

எதிர்ப்பக்கம் நிற்கும் ஒரு நண்பர், ஏழைகளின் வைத்தியத்துக்கு உதவும் காருண்யா லாட்டரியும் தப்பா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. மூன்று நாளாக இதற்கு என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கே.எம். மாணி நிதி மந்திரியாக இருந்தபோது காருண்யா லாட்டரி வந்தது. அந்த வருமானத்தில் ஏழைகளின் கேன்சர், இருதயம், கிட்னி வைத்தியத்துக்கு உதவி. என் சொந்த நங்கையாளுக்கு (அண்ணிக்கு) டயாலிசிஸ் நடந்தது அந்த உதவியில்தான். மூன்று வருஷம் கூடுதலாக எங்களோடு இருந்தார், பெண்ணின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். இதை மறைத்துவிட்டு நான் இங்கே நியாயம் பேசினால் நாக்கு அழுகிவிடும்.

ஆனால் அந்தக் காசு யாருடையது என்று யோசிக்காமலும் இருக்க முடியவில்லை. எங்கள் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் கைகள்தான் அதைக் கொடுத்தன. நல்ல வீடு வாசல் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு பம்பர் எடுப்பார்கள். தினசரி எடுப்பது கட்டடக் கூலி, ஆட்டோ ஓட்டுபவர், கள்ளு இறக்குபவர், பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்கள். ஏழையின் கிட்னிக்கு இன்னொரு ஏழை கொடுக்கிறார், தான் கொடுத்தோம் என்றே அவருக்குத் தெரியாது. எங்கள் நங்கையா உயிரோடு இருந்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் நான் மாணியின் கோட்டயத்துக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டியதில்லை, பட்டுவாடா அன்றைக்கு வரிசையில் நிற்பவர்களைக் கும்பிட வேண்டும். வைத்தியத்துக்கு வரி போடட்டும். என் சம்பளத்தில் கூடப் பிடிக்கட்டும், தோட்டம் வைத்திருப்பவரிடம் அதிகம் பிடிக்கட்டும். ஆசையைக் காட்டிப் பிடிக்க வேண்டாம்.

18-09-2024, காலை 7.20

டிக்கெட் காசு எங்கே போகிறது என்று கணக்குக் கேட்டவருக்கு, இந்த 2024 நிலவரப்படி. 40 ரூபாய் டிக்கெட்டில் 28 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது, 8 ரூபாய் 75 காசு. 500 ரூபாய் பம்பரில் 109 ரூபாய் சொச்சம், அதில் பாதி மத்திய அரசுக்கு. எழுபது லட்சம் டிக்கெட் விற்றால் 350 கோடி, வரி மட்டுமே 76 கோடிக்கு மேல். அப்புறம் 25 கோடி விழுந்தவருக்கு 25 கோடி கைக்கு வராது. டிக்கெட் விற்ற ஏஜென்சிக்குப் பத்து சதவீதம், இரண்டரைக் கோடி. மீதியில் 30 சதவீதம் வருமான வரி, ஆறே முக்கால் கோடி. நிற்பது 15 கோடியே 75 லட்சம். அதற்கு மேல் சர்சார்ஜ், செஸ் என்று அவரே தனியாகக் கட்ட வேண்டும், அது தெரியாமல் செலவு செய்துவிட்டு முழித்தவர்கள் உண்டு.

தினம் ஒரு டிக்கெட் எடுத்தால் வருஷத்துக்கு 14,600 ரூபாய். நான்கு வருஷத்துக் காசைச் சேர்த்தால் எங்கள் சந்தையில் ஒரு சினை மாடு பிடிக்கலாம். இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். "நாப்பது ரூபாயை யாருங்ணா சேர்த்து வெக்கறாங்க" என்பார்கள். அதுவும் சரிதான், சேர்த்து வைப்பது லேசான காரியமில்லை. ஆனால் லாட்டரிக்காரரிடம் தவறாமல் தினமும் சேர்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

20-09-2024, இரவு 11.40

அய்யனை, என் அப்பாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒருவர் "உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்" என்று கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் அய்யன் குடிக்கமாட்டார், பீடிகூடக் கிடையாது. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. தேங்காய்க் களத்தில் வேலை, ஒன்றரை ஏக்கர் விவசாயக் காடு. பொள்ளாச்சிக்குப் போனால் தமிழ்நாட்டு டிக்கெட், பாலக்காட்டுச் சித்தூருக்குப் போனால் கேரள டிக்கெட். நம்பரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பார், அம்மாவின் பிறந்த நட்சத்திரத்துக்கு ஒரு கூட்டல், என் பிறந்த தேதிக்கு ஒரு கூட்டல். ஒரே ஒரு தடவை ஐந்நூறு ரூபாய் விழுந்தது. அன்றைக்குத் தெரு முழுக்க மிக்சரும் லட்டும் கொடுத்தார், எனக்கு ஏழெட்டு வயது, அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை பின்னும் பார்த்ததில்லை.

காசு போனது பெரிதில்லை. எல்லாவற்றையும் தள்ளிப்போட்டார், அதைத்தான் சொல்ல வருகிறேன். கிணற்றை ஆழப்படுத்த வேண்டும் என்று அம்மா சொல்வார், "விழட்டும், ஒரேயடியா மோட்டாரே வெச்சுக்கலாம்" என்பார். பக்கத்துக் காட்டுக்காரர் கடன் வாங்கி மோட்டார் வைத்தார், கடனையும் அடைத்தார். அக்காவுக்கு மாப்பிள்ளை வந்தபோது "ரெண்டு மாசம் போகட்டும்" என்றார், அந்த மாப்பிள்ளை கைவிட்டுப் போனது. கூரையை மாற்றுவதும் என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதும் அப்படியே நின்றன. நாளைக்கு விழப்போகிற மனிதர் இன்றைக்கு எதற்குச் சின்ன முடிவு எடுக்க வேண்டும்? 1991-இல் காடு கைமாறியது. அவர் இறந்த பிறகு ட்ரங்குப் பெட்டியைத் திறந்தால் கட்டுக் கட்டாக வாழைநாரால் கட்டிவைத்த பழைய டிக்கெட்டுகள். 3,200 வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

கேரளத்தில் டிக்கெட் விற்பவர்கள் கூவுவதைக் கேட்டிருப்பீர்கள், "நாளெயாணு, நாளெயாணு". நறுக்கெடுப்பு நாளைக்கு என்று அர்த்தம். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்கும். எங்கள் வீட்டில் இருபது வருஷம் எல்லாமே நாளைக்குத்தான் நடப்பதாக இருந்தது.

21-09-2024, மாலை 5.30

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அதைச் சொல்லாவிட்டால் அய்யன் மேல் மட்டும் பழி போட்ட மாதிரி ஆகும். 2011-இல் ஒரு கல்யாண வீட்டில் யாரோ வற்புறுத்தி நானும் ஒரு டிக்கெட் எடுத்தேன், 5,000 விழுந்தது. அதற்கப்புறம் எட்டு மாதம் விடாமல் எடுத்தேன். அந்தப் பெட்டியை என் கையால் எண்ணியவன்தான் நான், இருந்தும் எடுத்தேன். ஒரு நாள் என் பெண் பள்ளிக்கூடத்து டூருக்கு 300 ரூபாய் கேட்டபோது வாயில் "விழட்டும்" என்று வந்துவிட்டது. அய்யனின் குரலே வந்த மாதிரி இருந்தது. அன்றோடு விட்டேன். தம்பி, அறிவு இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

24-09-2024, இரவு 10.15

விற்பவர்களைப் பற்றி. என் முதல் குறிப்பைப் படித்துவிட்டு "பாவம் அந்த லாட்டரிக்காரரை வில்லனாக்கிவிட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அர்த்தம் வந்திருந்தால் என் தவறு. எங்கள் வாசலில் நிற்பவருக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. மூன்று சக்கர வண்டியில் வருவார். டிக்கெட்டை முன்காசு கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், விற்காமல் மிஞ்சினால் திருப்பி வாங்கமாட்டார்கள், அந்த நஷ்டம் அவர் தலையில். மழை பெய்து சந்தை கூடாத நாளில் இருபது டிக்கெட் மிஞ்சிவிட்டால் 800 ரூபாய்க்கு அவரே லாட்டரி ஆடிய மாதிரிதான். போன வருஷம் பரிசு விழுந்த டிக்கெட் என்று கலர் ஜெராக்ஸைக் கொடுத்து இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கண் தெரியாத விற்பனைக்காரர்களிடம் பழைய டிக்கெட்டை வைத்துவிட்டுப் புதுசை உருவிக்கொண்டு போகும் கதையெல்லாம் கேரளத்தில் எல்லா ஊரிலும் உண்டு.

அவருக்கு ஒரு தொழில் கிடைத்தது லாட்டரியால்தான் என்பதும் உண்மை. கேட்டேன் அவரிடமே. "எனக்கு யாரு வேற வேலை தருவாங்க, சார்? பெட்டிக்கடை வெக்க இடம் கேட்டு நாலு வருசமா அலையறேன்" என்றார். கால் முடியாதவருக்கு ஒரு பெட்டிக்கடை இடம் கொடுக்க முடியாமல், டிக்கெட் அட்டையைக் கையில் கொடுத்து வெயிலில் நிறுத்தி, அதையும் அவருக்குச் செய்த உதவி என்று சொல்லிக்கொள்கிறோம். சொசைட்டிக் கட்டடத்தில் மேற்குப் பக்கம் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. அடுத்த கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன்.

27-09-2024, காலை 6.40

மூன்று நம்பர் ஆட்டத்தைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று பொள்ளாச்சியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். எழுதவே மனம் வரவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கேரள ரிசல்ட்டின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் தமிழ்நாட்டுப் பக்கம் திருட்டுத்தனமாக நடத்தும் ஆட்டம் அது. டிக்கெட் இல்லை, துண்டுச் சீட்டு, இப்போது அதுவும் இல்லாமல் வாட்ஸப். எங்கள் பக்கத்தில் 60 ரூபாய் கட்டினால் 25,000 என்பார்கள். 000-வில் இருந்து 999 வரை ஆயிரம் எண். ஆயிரத்தையும் ஆள் வாங்கினால் 60,000 வசூல், அதில் 25,000 போக மீதி நடத்துபவருக்கு. அதுவும் கொடுத்தால்தான். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளி இதில் கடன்பட்டு மனைவியோடும் மூன்று சின்னப் பெண் குழந்தைகளோடும் உயிரை விட்டார். அவர் கடைசியாகப் பேசிய வீடியோ என் போனுக்கும் வந்தது. பார்த்து முடிக்க முடியவில்லை.

கேரளத்து அரசு டிக்கெட் இதற்குக் காரணமில்லை என்று சொல்லலாம், சட்டப்படி சரி. ஆனால் மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் சக்கரம் சுற்றி நிற்கும் எண்தான் இதற்கும் எண். இங்கே அரசாங்கம் கௌரவமாகச் செய்வதை அங்கே ஒருவன் இருட்டில் செய்கிறான். தமிழ்நாட்டுத் தடை வேண்டாம் என்று இதை வைத்து வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள், "தடுத்ததால்தான் திருட்டு ஆட்டம்" என்று. தொண்ணூறுகளில் தடை இல்லாமலே ஒற்றை எண் ஆட்டம் ஊரை அழித்ததே, 1998-இல் மத்தியச் சட்டம் போட்டு ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது என்று சொல்லும் அளவுக்கு. அந்த வாதம் எனக்கு எடுபடவில்லை.

30-09-2024, இரவு 9.20

இழையைத் தொடங்கிய தம்பி நல்ல கேள்வி ஒன்று போட்டிருக்கிறார்: "எங்கள் அம்மா குலுக்கல் சீட்டு பிடிக்கிறார். அதிலும் பேர் எழுதிக் குலுக்கித்தானே எடுக்கிறார்கள். அது மட்டும் சூது இல்லையா?"

இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டு சைக்கிள் மிதித்தேன். பன்னிரண்டு பேர், மாதம் ஆயிரம், குலுக்கலில் யார் பேர் வருகிறதோ அவருக்கு அந்த மாதம் பன்னிரண்டாயிரம். எடுத்தவர் பேரை அடுத்த மாதம் சொம்பில் போடமாட்டார்கள். குலுக்கல் யாருக்கு முதலில் என்று மட்டும் சொல்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்வதில்லை. பன்னிரண்டாவது மாதம் யாரும் வெறுங்கையோடு இல்லை. எனக்கு விழுந்தால் இன்னொருவர் இழக்கிறார் என்பது இல்லை, அவர் கொஞ்சம் காத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்றால் பேர் வந்தவர் விட்டுக்கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன், லாட்டரியில் யாராவது விட்டுக்கொடுக்க முடியுமா? சீட்டை நடத்துபவர் ஓடிப்போகிற ஆபத்து உண்டு, அது வேறு.

ஆக முதலில் நான் "அதிர்ஷ்டத்தை நம்புவதே தப்பு" என்ற மாதிரி பேசியிருந்தால் அதைத் திருத்திக்கொள்கிறேன். குலுக்கிப் பார்ப்பதில் தப்பு இல்லை. பல பேரின் கையை வெறுமையாக்கி ஒரு கையை நிறைப்பதுதான் தப்பு.

30-09-2024, இரவு 9.45

அந்த ஒரு கைக்காவது நிம்மதி கிடைக்கிறதா என்றால் அதுவும் எப்போதும் இல்லை. 2022-இல் 25 கோடி விழுந்த திருவனந்தபுரத்து ஆட்டோக்காரர் சில நாளிலேயே, உதவி கேட்டு வருபவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை, இது விழாமலே இருந்திருக்கலாம் என்று பேசியதை டிவியில் எல்லோரும் பார்த்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வாசலில் வந்து நின்றவர்களையும்தான். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு டிக்கெட் எடுத்திருப்பார்கள்.

09-10-2024, மாலை 4.10

இன்றைக்கு ஓணம் பம்பர் நறுக்கெடுப்பு. சொசைட்டியில் சாயங்காலப் பால் வரும் நேரம், எல்லோர் கையிலும் போன். விற்பனையில் இந்தத் தடவையும் எங்கள் பாலக்காடு மாவட்டம்தான் முதலிடமாம், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 25 கோடி வயநாட்டில் சுல்தான் பத்தேரியில் விற்ற டிக்கெட்டுக்கு.

தெற்காலத் தோட்டத்து அக்கா வந்தார். இவரைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டும், முதல் நாள் நான் எழுதிய அந்த ஒரு லிட்டர் பால் இவருடையதுதான். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மாடு, காலையில் நாலு லிட்டர், சாயங்காலம் மூன்று. தினசரி டிக்கெட்டோடு இந்தத் தடவை பம்பரும் எடுத்திருந்தார், தனியாக, முழு 500. பால் அளந்த பிறகு டிக்கெட்டை என்னிடம் நீட்டி "பாருங்க தம்பி, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல" என்றார். சின்னப் பரிசுகளுக்கான கடைசி நான்கு எண் வரைக்கும் பார்த்தேன். இல்லை என்றேன். "நல்லாப் பாத்தீங்களா?" என்றார். இன்னொரு தடவை பார்த்தேன்.

09-10-2024, இரவு 10.30

எழுதாமல் தூங்க முடியவில்லை. அந்த அக்காவிடம் ஒருநாள் கேட்டிருக்கிறேன், விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று. "இந்த மாட்டை வித்துப்போட்டு ஒரு நா, ஒரே ஒரு நா, விடியற வரைக்கும் தூங்கோணும் சாமி" என்றார். 25 கோடிக்கு அவர் வாங்க நினைத்தது அதைத்தான். இதில் பேராசை எங்கே இருக்கிறது? இவர்களைப் பேராசைக்காரர்கள் என்று நானும் ஒரு காலத்தில் திட்டியிருக்கிறேன். ஓய்வு தர யாருமில்லாத இடத்தில் ஓய்வை டிக்கெட்டில் அச்சடித்து விற்கிறார்கள், அந்த அம்மாவால் வாங்காமல் இருக்க முடியவில்லை.

தம்பி, உங்கள் அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் நூறு ரூபாய்க்காக அவர் உங்களைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

12-10-2024, இரவு 8.50

நேற்று பட்டுவாடா. பூஜா பம்பர் வந்தாயிற்று, 300 ரூபாய், முதல் பரிசு 12 கோடி. ஓணம் பம்பர் குலுக்கிய அன்றைக்கே இதை வெளியிட்டுவிட்டார்கள், நடுவில் ஒரு நாள்கூட விடவில்லை.

கமிட்டியில் மூலை இடத்தைப் பற்றிப் பேசினேன். தலைவர் யோசிக்கலாம் என்றார், வாடகை எவ்வளவு என்று இரண்டு பேர் கேட்டார்கள், அடுத்த கூட்டத்துக்குப் போயிருக்கிறது. லாட்டரிக்காரரிடம் சொன்னேன், டீத்தூளும் பிஸ்கட்டும் வைத்தால் ஓடும் என்றார்.

பால் ஊற்றும் பெண்களுக்கு ஒரு குலுக்கல் சீட்டு, மாதம் 500, பால் காசிலேயே பிடித்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். நோட்டு நான் எழுதுகிறேன். பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள், பன்னிரண்டாவதாக அக்காவைக் கேட்டேன். "மொதக் குலுக்கல்ல எனக்கு வருமா தம்பி?" என்றார். அது தெரியாது அக்கா, ஆனால் வராமல் போகாது என்றேன். "எப்போ?" என்றார். அடுத்த புரட்டாசிக்குள் என்றேன். முந்தானையில் முடிந்திருந்த காசை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தி கறவைக்கு வாரப்போ சொல்றேன்" என்று கேனை எடுத்துக்கொண்டு போனார்.